சாளைக் கணக்கு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இந்த டைரி பொங்கலுக்கு உரக்கடையில் கொடுத்தது. பால்காரர் வராத நாளைக் குறிக்கத்தான் இதுவரை எடுத்தேன். எழுதி வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நாலாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் யார் எந்த வருசம் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு வார்த்தை பிசகாமல் நிற்கும். இப்போது எழுதுவதும் எனக்காக இல்லை. நாளைக்கு ஒருத்தர் வந்து நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தால் விரித்துக் காட்ட வேண்டும், அதற்காக.

இன்று பேத்தியின் ஆட்டம் பார்க்கப் போனேன். என் மகன் சௌந்தரபாண்டியின் பெண், செண்பகப்பிரியா. வீட்டில் செம்பா. பிளஸ் டூ படிக்கிறாள். இந்தக் கோவில்பட்டியில் தெருவுக்கு நாலு பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடு திரியும்போது இவள் மட்டும் உருண்டை மட்டையைப் பிடித்தாள். பேஸ்பால் என்று பெயர்.

ஆட்டம் இவ்வளவுதான். ஒருத்தி பந்தை எறிகிறாள், இவள் மட்டையோடு நிற்கிறாள். அடித்துவிட்டு ஓடி, அவர்கள் பந்தைக் கொண்டுவருவதற்குள் முதல் பேஸில் கால் வைத்தால் பிழைத்தாள். பேஸ் என்பது தரையில் கிடக்கிற ஒரு சதுரத் திண்டு. மூன்று திண்டையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஒரு ரன். நல்ல பந்து மூன்றைத் தவறவிட்டால் அவுட், கோணல் பந்துக்குச் சுற்றித் தவறினாலும் அதே கணக்குதான். எறிகிறவள் நாலு பந்தைக் கோணலாக எறிந்தால், இவள் அடிக்காமலே முதல் திண்டுக்கு நடந்து போய்க்கொள்ளலாம். அதற்கு வாக் என்கிறார்கள். அடிக்காமல் போவதற்குப் பெயர் வேறு.

செம்பா நாலு தடவை மட்டையோடு நின்றாள். இரண்டு அடி, ஒரு வாக், ஒரு அவுட். நாங்கள் ஜெயித்தோம்.

விளையாட்டு டீச்சர் ஜெபராணி என்னைக் கோட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னாள். உள்ளே நிழல்பந்தல் இருக்கும்போதே சொன்னாள். மனதில் வைத்திருக்கிறேன்.

மொத்தம் ஐந்து ஆட்டம். முடிந்ததும் எங்கள் வட்டாரத்திலிருந்து அடிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரை மாநில அணிக்கு எடுப்பார்கள். எடுத்தால் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ், ஹாஸ்டல், எல்லாம். எடுக்காவிட்டால் பரீட்சை முடிந்த மறுவாரம் அவள் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசுக்கு. மகன் போன மாதமே சொல்லிவிட்டான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அவனையும் குறை சொல்ல முடியாது. மருமகள் முருகலட்சுமி அதைக் கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். செம்பாவுக்குப் பல் முளைக்கிறதற்கு முன்னாலிருந்து அங்கே குச்சி அடுக்குகிறவள் அவள்.

செம்பாவை எடுப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆடி அமாவாசை. மீன் கிடையாது.

ஆகஸ்ட் 5, திங்கள்

வேம்பார் மீன்காரர் வந்தார். சாளை வாங்கினேன். எங்கள் வீட்டில் பொரித்த சாளை ஆளுக்கு இரண்டு. செம்பாவுக்கு மட்டும் இனிமேல் ஒரு அடிக்கு ஒன்று என்று சொல்லிவிட்டேன். நாலு அடித்தால் நாலு. ஒன்றும் அடிக்காவிட்டால் ரசமும் சோறும். "அப்பம் நான் ஆறு அடிச்சா நீ உன் பங்கையும் தரணும்லா ஆச்சி" என்று சிரித்தாள். தருகிறேன் என்றேன்.

நேற்றைய இரண்டு அடிக்கு இரண்டு சாளை.

ஆகஸ்ட் 7, புதன்

அவரைக்காய் நறுக்கிக்கொண்டே செம்பாவிடம் கணக்குக் கேட்டேன். ஆவரேஜ் என்று ஒன்று இருக்கிறதாம். எத்தனை தடவை நின்றாள், அதில் எத்தனை தடவை அடித்தாள் என்று வகுப்பது. பத்துக்கு மூன்று அடித்தால் நல்ல ஆட்டக்காரியாம். பத்துக்கு ஏழு தவறினவளை நல்லவள் என்று சொல்லுகிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான். எங்கள் காலத்தில் பத்துத் தோசையில் ஒன்று கருகினால் மாமியார் அதைத் தட்டில் வைத்துத் தெருவுக்கே காட்டுவாள்.

வாக் போனால் என்ன கணக்கு என்று கேட்டேன். அது ஆவரேஜில் வராதாம். அடித்ததாகவும் இல்லை, தவறியதாகவும் இல்லை, நின்றதாகவே இல்லை. நான் நினைத்தது சரிதான். ஆட்டத்தை உண்டாக்கினவர்களே கணக்கில் சேர்க்காததற்கு நான் எதற்கு மீன் பொரிக்க வேண்டும்? வாக் என் கணக்கிலும் வராது என்று அவளிடமே சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டாவது ஆட்டம். செம்பா ஒரு அடிகூட அடிக்கவில்லை. மூன்று வாக், ஒரு அவுட். பந்து வருகிறது, பார்க்கிறாள், விடுகிறாள். திரும்ப வருகிறது, பார்க்கிறாள், விடுகிறாள். பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சமோசாக்காரர்கூட, இந்தப் பாப்பாவுக்குக் கையில் ஏதும் வலியா என்று கேட்டார்.

அதே ஆட்டத்தில் தர்சினி இரண்டு அடி அடித்தாள். தர்சினி யாரென்றால் கோமுவின் பேத்தி. கோமு யாரென்றால், தண்ணீர்ப் பஞ்சம் வந்த வருசம் தெருக்குழாயில் வரிசையில் இருந்த என் குடத்தை நகர்த்திப் பின்னால் வைத்தவள். கேட்டதற்குக் குடம் தானாகப் போயிருக்கும் என்றாள். பச்சைப் பிளாஸ்டிக் குடம், வாயில் ஒரு கீறல். அன்றைக்கு என் வீட்டில் அரிசி களையத் தண்ணீர் இல்லை. முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. குடம் தானாக நகர்ந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஜெயித்தோம். ஜெபராணி டீச்சர் செம்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

வீட்டில் எல்லாருக்கும் சாளை, செம்பாவுக்கு ரசம். சௌந்தரபாண்டி தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தான். நான் அதை எடுத்துத் திரும்ப அவன் தட்டிலேயே போட்டேன். "நிக்கதுக்கா உன்ன அனுப்புதேன்? நிக்கதுக்கு ரேசன் கடை இருக்கு" என்றேன். செம்பா சாப்பிட்டு எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். என் தட்டையும் சேர்த்துக் கழுவினாள்.

மருமகள் அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அதையும் குறித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

ரேசன் கடையில் கோமு எனக்கு முன்னால் நின்றாள். பாமாயில் வரவில்லை. திரும்பிப் பார்த்து, "உம் பேத்தி நல்லா நிக்கா சம்முவத்தாயி. அசையாம நிக்கா" என்றாள்.

பின்னால் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். அந்த ரெண்டு பேர் யாரென்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து இதைச் செம்பாவிடம் சொன்னேன். சொல்ல வேண்டியதுதானே. பிள்ளைக்கு ரோசம் வர வேண்டும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

செம்பா பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றிவிட்டு வந்து மிட்டாய் கொடுத்தாள். பிறகு கொல்லையில் மட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள், துணிக்கொடியில் காய்ந்த என் சேலையில் மட்டை இரண்டு தடவை மாட்டிக்கொண்டது. நல்லது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மூன்றாவது ஆட்டம். செம்பா இன்று நிற்கவில்லை. வந்த பந்துக்கெல்லாம் சுற்றினாள். ஒன்று பட்டது, போய் வேலி ஓரத்தில் விழுந்தது. நான் எழுந்து நின்று கை தட்டினேன். மற்ற மூன்று தடவையும் அவுட். பரவாயில்லை, முயற்சி செய்து அவுட் ஆனாள்.

தோற்றோம். ஜெபராணி டீச்சர் முகம் சரியில்லை. மூன்று அவுட்டுக்குப் பிறகும் செம்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒரு சாளை. பெரியதாகப் பார்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 21, புதன்

தண்ணீர் வந்தது. நிலைதொட்டி, சிமெண்டுத் தொட்டி, அண்டா, எல்லாம் நிரப்பி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. இடுப்பு பிடித்துக்கொண்டது. செம்பா பள்ளியிலிருந்து வந்து தைலம் தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை அடிப்பாய் என்று கேட்டேன். மூணு என்றாள். நாலு என்று சொல் என்றேன். நாலு என்றாள். தேய்க்கிற கை ஒரு நிமிடம் நின்றது, பிறகு தேய்த்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நாலாவது ஆட்டம். செம்பா நாலு தடவை நின்றாள். நாலும் அவுட். அதில் மூன்று, மட்டையில் பந்து படவே இல்லை. தலைக்கு மேலே போன பந்துக்குச் சுற்றினாள். தரையில் குத்தி வந்த பந்துக்குச் சுற்றினாள். ஒன்றில் சுற்றின வேகத்தில் முட்டி போட்டு விழுந்தாள். எதிர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாக்கைத் துருத்திச் சிரித்தன. அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் எனக்குத் தெரியும், அங்கே என் சொந்தத்தில் யாரும் இனிப் படிக்க மாட்டார்கள்.

தோற்றோம். தொடர்ந்து இரண்டாவது தோல்வி.

காரணம் எனக்குத் தெரியும். முதலாவது, ஹெல்மெட். ஒரே ஹெல்மெட்டை எல்லாப் பிள்ளைகளும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், செம்பாவுக்குக் கண்ணை மறைக்கிறது. இரண்டாவது, ஜெபராணி டீச்சர். பிள்ளையை எல்லாருக்கும் முதல் ஆளாக இறக்கிவிடுகிறாள். வெயிலும் புதுசு, பந்தும் புதுசு. மூன்றாவது, கோமுவின் கண்.

ஆட்டம் முடிந்து டீச்சர் செம்பாவை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுப் பேசினாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். "ஏன் எல்லாப் பந்துக்கும் சுத்துத? உனக்கு என்ன ஆச்சு? ரெண்டு வாரத்துக்கு முந்தி வரைக்கும் நீ இப்படி இல்லியே" என்றாள். செம்பா தலையைத் திருப்பி வேப்பமரத்துப் பக்கம் பார்த்தாள்.

வெயில் முகத்தில் அடித்தது. நான் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டேன்.

இன்று மீன்காரர் வந்தும் வாங்கவில்லை. எல்லாருக்கும் ரசம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மிளகாய், உப்பு, தெருமண் எடுத்துச் செம்பாவுக்குச் சுற்றிப் போட்டேன். நெடி வரவே இல்லை. அவ்வளவு கண். செம்பா இருமாமல் நின்றதைப் பார்த்து முருகலட்சுமி, மிளகாய் பழசாக இருக்கும் அத்தை என்றாள். மிளகாய் போன வாரம் வாங்கினது.

ஆகஸ்ட் 28, புதன்

ஜெபராணி டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டாள். செம்பா கடைக்குப் போயிருந்த நேரம். வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். நாற்காலி போட்டேன். கோட்டுக்கு வெளியே உட்கார வைக்கவில்லை.

அவள் நேராக விசயத்துக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கடைசி ஆட்டத்துக்கு மதுரையிலிருந்து தேர்வு செய்கிறவர் வருகிறார். தர்சினிக்கு ஒரு இடம் உறுதி. இன்னொரு இடத்துக்கு மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்டி. செம்பாவின் ஆவரேஜ் கீழே போய்விட்டது. பன்னிரண்டுக்கு மூன்று.

நான் ஹெல்மெட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"ஆச்சி, ஆவரேஜ் பாதிதான் சொல்லும். இந்த ஆட்டத்துல முக்கியம் அவுட் ஆகாம பேஸுக்குப் போறது. அடிச்சும் போலாம், வாக்லயும் போலாம். முதல் ரெண்டு ஆட்டத்துல செம்பா எட்டுத் தடவை நின்னு ஆறு தடவை போனா. அடுத்த ரெண்டுல எட்டுக்கு ஒண்ணு. கோணப் பந்த விடுதா பாருங்க, அந்தக் கண்ணு இந்த ஜில்லாவுல வேற பிள்ளைக்குக் கிடையாது. அதுக்காகத்தான் அவள முதல்ல இறக்குதேன். திடீர்னு அதையே விட்டுட்டா. நின்னு வாக் வாங்காதன்னு வீட்ல யாரும் எதுவும் சொன்னாங்களா?"

நான் காபி போட உள்ளே போனேன். பால் பொங்க நேரம் எடுத்தது.

திரும்பி வந்தபோது முருகலட்சுமி டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். டீச்சர் காபியைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டு நாலு ஆட்டத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு எதுவும் மறக்காது என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். கோமுவின் பேத்தி இதுவரை அடித்தது ஆறு. முதல் ஆட்டத்தில் ஒன்று அடித்தாளே, அதில் ஓடி வந்து ரன் எடுத்தது யார்? செம்பா. அவள் அதற்கு முன்னால் வாக் வாங்கிப் போய்த் திண்டில் நின்றாள். இரண்டாவது ஆட்டத்தில் தர்சினி அடித்த இரண்டிலும் ஓடி வந்தது யார்? செம்பா. அந்த இரண்டு தடவையும் வாக்கில் போய் நின்றவள்தான். ஊரே தர்சினி தர்சினி என்று கை தட்டியது. மூன்றாவது ஆட்டம், நாலாவது ஆட்டம், தர்சினி மூன்று அடித்தாள். ஓடி வர ஒரு ஆள் இல்லை. மூன்றும் வெறும் அடி. தோற்றோம்.

ஆக, கோமு பேத்தியின் அடிக்கு மதிப்பு வந்ததே என் பேத்தி நின்றதால்தான்.

இதை ஏன் யாரும் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

மீன்காரர் வழக்கமாக வியாழக்கிழமை எங்கள் தெருவுக்கு வர மாட்டார். பஸ் ஸ்டாண்டு மார்க்கெட்டுக்கு நானே நடந்து போய்ச் சாளை வாங்கி வந்தேன். ஆய்ந்து, மசாலா தடவி, சாயங்காலம் பொரித்தேன்.

எல்லாருக்கும் இரண்டு வைத்தேன். செம்பாவுக்கு நாலு வைத்தேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது எதுக்கு ஆச்சி?"

"முத ஆட்டத்துல ஒண்ணு. அடுத்த ஆட்டத்துல மூணு. நாலு வாக் போனேல்லா, அதுக்கு."

"அது கணக்குல வராதுன்னு சொன்னியே."

"எவ சொன்னா?"

"நீதான்."

"கணக்கு மாறிட்டு. ஆறுததுக்குள்ள தின்னு."

சௌந்தரபாண்டி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான், சிரிப்பை அடக்கினான் என்று நினைக்கிறேன். செம்பா இரண்டைத் தின்றாள். ஒன்றை அம்மா தட்டில் வைத்தாள். ஒன்றை முள் எடுத்துக்கொண்டே அரைமணி நேரம் தின்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "நாலும் கோண வந்து, நான் நாலையும் விட்டா, நீ வைய மாட்டியே?"

"கோண வந்தத அடிச்சாத்தான் வைவேன்" என்றேன்.

வாக் கணக்கில் வராது என்று நான் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

செம்பா மட்டையை எடுக்கவே இல்லை. கொல்லையில் நின்று, தம்பி முறையுள்ள எதிர்வீட்டுப் பையனை எறியச் சொல்லி, வெறும் கையோடு பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிற ஒவ்வொன்றுக்கும், உள்ளே, வெளியே என்று அவளாகச் சொல்லிக்கொண்டாள். நான் அப்பளம் காயப்போட்டிருந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

முதலில் கோமு. அவளும் வந்திருந்தாள், குடை பிடித்துக்கொண்டு. வேப்பமரத்தடியில் இருந்த ஒரே கல்லில் பாதியை எடுத்துக்கொண்டாள். நான் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். உன் பேத்தியின் முதல் மூன்று அடிக்கும் ஓடி வந்தது யார் என்று. முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "தெரியும்லா. முன்னால செம்பா போய் நின்னாத்தான் எறியிறவ பதறுதா, எனக்கு நல்ல பந்து வருதுன்னு தர்சினி வீட்ல எப்பவும் சொல்லும்" என்றாள்.

எனக்கு முந்தி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ரேசன் கடையில் அப்படிப் பேசியிருக்கிறாள். இது தனிக் கணக்கு.

சௌந்தரபாண்டி ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தான். மகள் ஆடி அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தேர்வு செய்கிறவர் தொப்பி போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசவில்லை. கொடுத்த இளநீரையும் தொடவில்லை.

செம்பா முதலில் வாக். இரண்டாவது தடவை நல்ல பந்து வந்தது, அடித்தாள், இரண்டு திண்டு ஓடினாள். மூன்றாவது தடவை திரும்ப வாக். இரண்டு ரன் அவள் கால் எடுத்தது.

கடைசி முறை வந்தபோது நாங்கள் ஒரு ரன் பின்னால். மூன்று திண்டிலும் எங்கள் பிள்ளைகள். இரண்டு பேர் அவுட், மூன்றாவது அவுட்டோடு ஆட்டம் முடியும். செம்பா மட்டையோடு நின்றாள். வாக் வந்தாலே எல்லாரும் ஒரு திண்டு நகர்ந்து ஒரு ரன் வந்துவிடும், ஆட்டம் சமம்.

கோணல் ஒன்று, விட்டாள். நல்லது ஒன்று, சுற்றினாள், மட்டை ஓரத்தில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போனது, அதுவும் தவறின கணக்குதான். கோணல். திரும்ப வெளியே அடித்தாள். கோணல். கோணல் மூன்று, நல்லது இரண்டு, இனி ஒரே பந்து. சௌந்தரபாண்டி அடி என்று கத்தினான். நான் அவன் கையைப் பிடித்துக் கிள்ளினேன்.

பந்து வந்தது. வெளியே வந்தது. நான் எழுதுகிறேன், வெளியேதான் வந்தது. செம்பா மட்டையை அசைக்கவில்லை.

அம்பயர் கையைத் தூக்கினார். நல்ல பந்து என்றார். அவுட். ஆட்டம் போயிற்று.

அந்த அம்பயருக்கு மீசை உண்டு, இடது கையில் வாட்ச், சாம்பல் நிறப் பேண்ட். எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

பக்கத்தில் கோமு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "வெளிய போன பந்துதான். நானும் பாத்தேன்" என்றாள். அவள் உண்மை பேசி நான் கேட்டது இதுதான் முதல். இது ஒன்றுக்காக மற்றதெல்லாம் இல்லையென்று ஆகிவிடாது.

பிள்ளைகள் அழுதார்கள். செம்பா அழவில்லை. சௌந்தரபாண்டி அவளிடம் போய், மட்டையால் தொட்டாவது பார்த்திருக்கலாமே என்றான். கோபத்தில் கேட்கவில்லை. அப்போது தொப்பிக்காரர் எழுந்து வந்தார். நானும் நடந்து பக்கத்தில் போய்விட்டேன். கோட்டைத் தாண்டித்தான் போனேன், ஜெபராணி டீச்சர் தடுக்கவில்லை.

அவர் கேட்டார்: "மேட்ச் உன் கையில இருந்துச்சு. ஏன் அடிக்கல?"

"அடிக்கிற பந்து வந்தா அடிச்சிருப்பேன் சார். அது வரல."

"அம்பயர் ஸ்ட்ரைக் குடுத்துட்டாரே."

"அவரு குடுத்தாரு சார். எனக்கு அது வெளிய."

"எவ்வளவு வெளிய?"

செம்பா கையை நீட்டி நாலு விரலை ஒட்டிக் காட்டினாள். "இவ்வளவு."

"போன ரெண்டு மேட்ச்சுல இத விட வெளிய போனதுக்கெல்லாம் சுத்தியிருக்கியாமே. சொன்னாங்க."

செம்பா என் பக்கம் பார்க்கவில்லை. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"அது என் ஆட்டம் இல்ல சார்" என்றாள். "இதுதான் என் ஆட்டம்."

அவர் தொப்பியைக் கழற்றி முன்தலையைத் துடைத்துக்கொண்டு, சரி போ என்றார். பெரிய மனிதர்கள் இப்படித்தான், நம்மை வாரக்கணக்கில் வேகவிடுவார்கள்.

வரும்போது மூன்று பேரும் லோடு ஆட்டோவில் வந்தோம், செம்பாவும் நானும் பின்னால். மீன்காரர் எதிரே வந்தார், வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

தகவல் இல்லை. கோதுமை சலித்தேன்.

செப்டம்பர் 4, புதன்

ஜெபராணி டீச்சர் போன் செய்தாள். தர்சினி, செண்பகப்பிரியா. இரண்டு பேரும்.

ஆவரேஜில் செம்பாவுக்கு மேலே வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்களாம். தொப்பிக்காரர் அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, அம்பயரையே எதிர்த்துப் பந்தை விடுகிற பிள்ளை எனக்கு வேண்டும் என்றாராம். டீச்சர் இதை எனக்கு இரண்டு தடவை சொன்னாள். நிழல்பந்தல் விசயத்தை நான் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். யோசிக்க வேண்டும்.

சௌந்தரபாண்டி போனை என்னிடமிருந்து வாங்கி அவனும் ஒரு தடவை கேட்டான். பிறகு வாசலில் போய் ஆட்டோவைத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். முருகலட்சுமி ஆபீசிலிருந்து வந்ததும் அவளிடம், "காலேஜுக்கு எங்கெங்க எழுதிப் போடணும்னு டீச்சர்ட்ட நாளைக்கே கேளு" என்றான். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தீக்குச்சி மருந்து ஒட்டின விரலோடு முகத்தை மூடிக்கொண்டாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "குடிங்க அத்தை" என்று என்னிடமே திருப்பி நீட்டினாள். எனக்கு எதற்குத் தண்ணீர்? நான் நன்றாகத்தான் இருந்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

செம்பாவைச் சென்னைக்கு ரயில் ஏற்றினோம். அங்கே ஒரு மாதம் பயிற்சி, பிறகு வடநாட்டில் ஆட்டம். தர்சினிக்கும் அவளுக்கும் ஒரே பெட்டி, எதிரெதிர் பெர்த். கோமு பெரிய தூக்கில் புளியோதரை கொண்டுவந்து, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கட்டினேன் என்றாள். நானும் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கட்டியிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. பையைப் பார்த்தால் தெரிகிறது.

வண்டி வர நேரம் இருந்தது. செம்பா என்னைப் பிளாட்பாரத்தின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர்க் குழாயைப் பார்த்தாள், தண்டவாளத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தே சொன்னாள்.

"ஆச்சி, போன் பண்ணுவேன். தினமும் பண்ணுவேன். எத்தனை அடிச்சேன்னு மட்டும் கேக்காத. எத்தனை வாக்குன்னும் கேக்காத. சொல்லணும்னா நானே சொல்லுதேன்."

இந்த வயதுக்குள் என்னிடம் இதைப் பேசாதே என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவர் பெயரும் எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டு விசேசத்துக்கு நான் போவதில்லை.

சரி என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். சரிதான் போ என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

சாயங்காலம் போன் வந்தது. நேற்றும் வந்தது, முந்தாநாளும் வந்தது. இன்று அவர்களுக்குள்ளே முதல் ஆட்டம் என்று எனக்குத் தெரியும், ஜெபராணி டீச்சர் சொல்லியிருந்தாள்.

சாப்பாடு எப்படி என்று கேட்டேன். சாம்பார் இனிக்கிறதாம். துணி காய்கிறதா, தலைக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, தர்சினியோடு சண்டை உண்டா என்று கேட்டேன். அதற்குப் பிறகு எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம், யாரோ வாளியை இழுக்கிற சத்தம்.

சுற்றி எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கேளும்மா" என்று சௌந்தரபாண்டி உதட்டை அசைத்தான். நான் கேட்கவில்லை.

"வச்சிருதேன் ஆச்சி, பசிக்கி" என்றாள். வைத்துவிட்டாள்.

நன்றாக ஆடியிருக்கிறாள்.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் குரலைக் கேட்டால் போதும்.